நகரும் ரோபோவில் கினெக்ட்: உடல் தடமறிதல் குழம்புகிறது, உதவி தேவை

வணக்கம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ரோபோ வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் பாருங்கள்.

ஆளைப் பின்தொடரும் சில்லு ரோபோ. எக்ஸ்பாக்ஸ் 360 கினெக்ட் (ஆழமும் அளக்கும் கமரா), உபுண்டு 20.04, ரோஸ் நோயட்டிக் (ரோபோ மென்பொருள் தளம்), கமராத் தரவைப் படிக்கும் ஓபன்என்ஐ 2, ஆளையும் மூட்டுகளையும் கண்டறியும் நைட் 2.2, லிப்ஃப்ரீநெக்ட் டிரைவர். கமராவுக்கு யூஎஸ்பி மின்சாரம் போதாது. 12 வோல்ட் தனியாகப் போகிறது. ரோஸ்லோஞ்சில் (ரோஸ் நிரல்களைத் தொடங்கும் கட்டளை) ஓட்டும்போது, நைட்டுக்கு வேண்டிய 'எஸ்.டாட்' கோப்பு இல்லை என்று நின்றது. நிரல் ஓடும் இடம் வீட்டு அடைவிலுள்ள '.ரோஸ்' என்பதால், நைட்2 கோப்புறையை அங்கே பிரதியிட்டதும் சரி.

ரோபோ அசையாமல் நின்றால் 15 மூட்டுகளும் சுத்தமாக வருகின்றன. திரும்பத் தொடங்கியதும் கதிரை, அலுமாரி எல்லாம் ஆளாகிவிடுகின்றன. காரணம் தெரியும்: கமரா அசையாது என்று நம்பித்தான் நைட் பின்னணியிலிருந்து ஆளைப் பிரிக்கிறது. நம்பகத்தன்மை 0.5க்குக் கீழுள்ள மூட்டுகளை விட்டுவிட்டும் போலி ஆட்கள் குறையவில்லை. திரும்பும்போது தடமறிதலை நிறுத்தித் தொடங்கினால் நைட் ஆளுக்குக் கொடுக்கும் இலக்கம் மாறி, ரோபோ வேறொருவர் பின்னால் போகிறது. இது ஆபத்து, குறிப்பாகப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில்.

இரண்டு கேள்விகள். திரும்பி முடிந்தபின் அதே ஆளை மீண்டும் பிடிக்க எதை ஒப்பிடுகிறீர்கள்: கடைசி இடமா, உடுப்பு நிறமா? நைட்டை விட்டு, வண்ணப் படத்தில் மீடியாபைப் (படத்திலிருந்தே உடல் மூட்டுகளைக் கண்டறியும் மென்பொருள்) ஓட்டி ஆழத்தை மட்டும் கினெக்டில் எடுத்தால், தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத ஐ5 மடிக்கணினி தாங்குமா? செய்து பார்த்தவர்கள் பிரேம் வேகத்தையும் சொல்லுங்கள்; லோஞ்ச் கோப்பையும் போட்டால் பெரிய உதவி.