ஏசி நின்றால் கேஸ்தான் காரணமா? கரண்ட் பக்கம் நாம் பார்த்த கோளாறுகள்

காலையில் வண்டியை எடுத்தால் ஏசி ஜில்லென்று வரும். வெயில் ஏறி வேலூர் நெரிசலில் ஊர்ந்தால் அரை மணி நேரத்தில் வெறும் காற்றுதான். நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடியும் ஜில். காட்டிய இடங்களில் எல்லாம் ஒரே பதில்: "கேஸ் குறைஞ்சிருக்கு, போட்டுடலாம்."

எனக்கு அது ஒப்பவில்லை. கேஸ் கசிந்திருந்தால் காலையிலும் குளிர் குறைந்திருக்க வேண்டுமே. சூடானால் நின்று, ஆறினால் திரும்பி வருகிறது என்றால் முதலில் கரண்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தோம். இன்ஜின் நின்றிருந்தபோது இரண்டு முள்ளும் 100 பிஎஸ்ஐ பக்கம் நின்றன. 30 டிகிரி வெயிலில் ஆர்134ஏ கேஸுக்கு அது இயல்பான அழுத்தம். இதை வைத்துக் கேஸ் முழு அளவில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைத் தடுக்கும் அளவுக்குக் காலியாகவில்லை என்பது உறுதி. சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனால்தான் அது தடுக்கும்.

அப்புறம் வண்டியை ஓட்டி, ஏசி நிற்கும்வரை காத்திருந்தேன். கோளாறு இருக்கும் நேரத்தில் அளக்காவிட்டால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் மீட்டர் காட்டும். நின்றதும் போனட்டைத் திறந்து, கப்ளரைக் (வயர் இணைப்பைக்) கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முள்ளை நுழைத்து, கம்ப்ரசர் கிளட்சின் வயரில் அளந்தேன். பெல்ட்டில் சுற்றும் புல்லியோடு கம்ப்ரசரின் முன் தட்டைக் காந்தத்தால் ஒட்ட வைப்பதுதான் இந்தக் கிளட்ச். 13.5 வோல்ட். எர்த் பக்கமும் சுத்தம். அப்படியென்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், ஈசியூ (வண்டியின் கம்ப்யூட்டர்) எல்லாம் தத்தம் வேலையைச் செய்துவிட்டன. ஆனாலும் புல்லி மட்டும் சுற்றுகிறது, முன்னால் இருக்கும் தட்டு அசையாமல் நிற்கிறது.

இன்ஜினை அணைத்துவிட்டு, 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராக கிளட்சுக்குக் கரண்ட் கொடுத்தேன். தட்டு நகரவில்லை. ஒரு மரக்குச்சியால் அதை லேசாக உள்ளே தள்ளினேன். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது, குச்சியை எடுத்த பிறகும் விடவில்லை. காந்தம் இருக்கிறது, இழுக்கிற தூரம்தான் அதற்கு எட்டவில்லை.

இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி 0.9 மி.மீ. இந்த மாதிரி கம்ப்ரசருக்கு 0.3 முதல் 0.6 வரைதான் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தட்டு தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. கிளட்ச் காந்தத்தின் காயில் ஆறியிருக்கும்போது 3.6 ஓம், இன்ஜின் சூட்டில் 100 டிகிரியைத் தாண்டினால் செம்பின் மின்தடை சுமார் 30 சதவீதம் ஏறும், அதற்கேற்பக் கரண்ட் குறையும். இடைவெளி கூடக்கூட காந்தத்தின் பிடியும் மளமளவென்று விழுகிறது. இரண்டும் சேர்ந்தால் மதிய வெயிலில் கிளட்ச் பிடிக்காது. தட்டுக்குப் பின்னால் இருந்த மெல்லிய ஷிம் (இடைவெளி வளையம்) ஒன்றை எடுத்ததும் 0.45க்கு வந்தது. கேஸில் கையே வைக்கவில்லை. இந்தக் கோடையிலும் நன்றாக ஓடுகிறது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், அளந்த எண்களோடு எழுதுங்கள். அடுத்தவருக்கு அதுதான் உதவும்.

திருவொற்றியூர் உறுப்பினர்: நல்ல பதிவு அண்ணா. என் வண்டியில் ஹைவேயில் குளிரும், சிக்னலில் நின்றால் சூடு. கண்டென்சர் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றியது. மோட்டார் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். கப்ளரைக் கழற்றி அளந்தால் முழு 12 வோல்ட் வருகிறது! கழற்றி அளப்பதில்தான் ஏமாந்துபோவோம். மாட்டிய நிலையில், ஃபேன் ஓடும்போது அளந்தேன்: மோட்டாருக்குக் கிடைத்தது 8 வோல்ட்தான். எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 4 வோல்ட் காட்டியது. அங்கே 0.2க்கு மேல் இருக்கவே கூடாது. எர்த் போல்ட்டை அவிழ்த்தால் அடியில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. கடல் காற்று செய்த வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து முறுக்கினேன். பழைய மோட்டாரே இன்னும் ஓடுகிறது.

மதுரை உறுப்பினர்: எங்கள் வண்டியில் கிளட்சுக்குக் கரண்டே வரவில்லை. ரிலே நல்லா இருக்கு, ரிலேவைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் வயரால் இணைத்தால் கம்ப்ரசர் ஓடுது. அப்படியானால் ஈசியூதான் ரிலேவை இழுக்கவில்லை. ஸ்கேனரில் கூலிங் காயில் சென்சாரைப் பார்த்தால் மைனஸ் 30 டிகிரி என்று இருந்தது, மதுரையில், சித்திரை மாதத்தில்! அந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர், குளிரக் குளிர மின்தடை ஏறும் வகை. வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும். கூலிங் காயில் உறைந்துவிட்டது என்று எண்ணி ஈசியூ கம்ப்ரசரை விடாது. டேஷ்போர்டுக்கு அடியில் எலி கடித்திருந்தது. சாலிடர் வைத்து ஸ்லீவ் போட்டதும் சரியாகிவிட்டது.

மதுரை உறுப்பினர்: அண்ணா, ஒரு சந்தேகம். என் தம்பியின் புது வண்டியில் ஏசி போட்டால் 'டக்' சத்தமே வராது. அதிலும் நீங்கள் சொன்ன குச்சி சோதனை செய்யலாமா?

பதிவர்: வேண்டாம் தம்பி. அது கிளட்ச் இல்லாத கம்ப்ரசராக இருக்கும். புல்லியோடு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பம்ப் செய்ய வேண்டும் என்பதைப் பின்னால் உள்ள கன்ட்ரோல் வால்வுதான் தீர்மானிக்கும். அந்த வால்வுக்கு ஈசியூ கரண்டை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புவதால் சாதாரண மீட்டரில் வோல்ட் சரியாகத் தெரியாது. கப்ளரைக் கழற்றி வால்வு காயிலின் ஓம் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துவிட வேண்டாம், காயில் கருகிவிடும்.