வேட்பாளருக்கு 40 லட்சம் வரம்பு. கட்சிக்கு ஏன் வரம்பே இல்லை?

கேள்வி:
தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. மக்களவைத் தேர்தலில் 95 லட்சம். எங்கள் தொகுதியில் ஒரே ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போட்ட பந்தலையும், எல்.இ.டி. திரைகளையும், ஆட்களை ஏற்றி வந்த வேன்களையும் பார்த்தபோது, அதில் பாதியாவது அன்று மாலையிலேயே கரைந்திருக்கும் என்று தோன்றியது. இது எப்படிச் சட்டத்துக்கு உட்பட்டதாகிறது? கணக்குக் காட்டாததற்காக யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா?

பதில் 1:
செலவினக் கண்காணிப்புக் குழுவில் இரண்டு தேர்தல்களில் பணியாற்றியிருக்கிறேன். தேநீருக்கு இவ்வளவு, நாற்காலி வாடகைக்கு இவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் தரும் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலிகளை எண்ணி, வேட்பாளர் காட்டும் கணக்கோடு ஒப்பிட நாங்கள் தனியே எழுதும் நிழல் கணக்குப் பதிவேட்டில் ஏற்றுவோம். ஒரு கூட்டத்தில் 3,000 நாற்காலிகளை எண்ணி முடித்தபோது, வேட்பாளர் பந்தலுக்கே வராமல் சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் காரிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பந்தலில் அவர் படம் இல்லை. நட்சத்திரப் பேச்சாளரும் அவர் பெயரைச் சொல்லாமல் சின்னத்துக்கு மட்டும் வாக்குக் கேட்டார். ஆகவே அத்தனை செலவும் கட்சிக் கணக்குக்குப் போயிற்று. கட்சிச் செலவுக்கோ உச்சவரம்பு கிடையாது.

பதில் 2:
இந்த ஓட்டை தற்செயலாக விழுந்ததன்று. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கன்வர்லால் குப்தா வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டிலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆவது பிரிவைத் திருத்தி அத்தீர்ப்பைச் செயலிழக்கச் செய்தார்கள். அந்தத் திருத்தம் 2003இல் பெருமளவு மாற்றப்பட்டாலும், கட்சிக்கு வரம்பு மட்டும் வரவே இல்லை. தண்டனையைப் பொறுத்தவரை, உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி சட்டமன்ற உறுப்பினர், பணம் கொடுத்து வெளியிட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் மறைத்ததற்காக 2011இல் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவ்வளவு அரிதாக நடப்பதால்தான் அது நினைவில் நிற்கிறது.

செலவைவிட வரவுதான் எனக்குப் பெரிய கவலை. நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரக்கூடாது என்றிருந்த விதியை 2017இல் நீக்கினார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்றாயிற்று. 2018இல், வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகத் தரும் தேர்தல் பத்திரம் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் யார் என்பது பாரத ஸ்டேட் வங்கிக்குத் தெரிந்தது, வாக்காளருக்குத் தெரியவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு நீக்கத்தையும் தேர்தல் பத்திரத்தையும் ரத்து செய்தது. பட்டியல் வெளியானபோது, முதலிடத்தில் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய ஒரு லாட்டரி நிறுவனம் இருந்தது.

பதில் 3:
மேலே உள்ளவை சரி. ஆனால் வாக்குக்குக் கைநீட்டிப் பணம் வாங்குகிறவர்களை எப்படி விட்டுவிடுவது? 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் எனப் பணப் பட்டுவாடா புகாரால் தமிழ்நாட்டில் தேர்தலே நிறுத்தப்பட்டது.

கேள்வி கேட்டவர்:
விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன தொகுதிகளிலெல்லாம் தேர்தல் ஆணையத்தால் வாக்குப்பதிவை நிறுத்த முடிந்தது. காரிலேயே உட்கார்ந்திருந்த அந்த வேட்பாளரை எந்த விதியின் கீழ் நிறுத்துவது என்பதைப் பதில் 1 எழுதியவர் சொன்னால் நன்றாயிருக்கும்.

பதில் 1 எழுதியவர்:
அப்படி ஒரு விதி எங்கள் கையேட்டில் இல்லை.