நச்சுபொன்: சாகச காமிக்ஸில் திரும்பத் திரும்ப வரும் தங்கத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

சித்திரக்கதைக் கலைச்சொல் தொகுப்பில் சாகசக் கதைகளின் தங்கத்துக்கு எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சு 'புதையல்' என்ற இடத்திலேயே நிற்கிறது. அது வேண்டாம் என்பது என் உறுதியான கட்சி. புதையல் என்றால் யாரோ ஒருவர் புதைத்திருக்க வேண்டும். 1947இல் வந்த, லக்கி லூக் என்ற கௌபாயின் கதையில் டிக் டிக்கர் என்ற கிழவர் கண்டுபிடிப்பது சுரங்கம். அதை யாரும் புதைக்கவில்லை. ஹியூகோ பிராட் வரைந்த கடலோடி கோர்ட்டோ மால்டிஸ் சைபீரியாவில் தேடிப்போவது, ரஷ்ய உள்நாட்டுப் போரில் செம்படையை எதிர்த்த அட்மிரல் கொல்சாக்கின் வசம் போன ரஷ்யப் பேரரசின் தங்கத்தை. அது ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற ரயிலைப் புதையல் என்று எழுதினால் படிக்கிறவர் முகம் சுளிப்பார்.

பெயர் வைக்கும் முன் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று ஒப்புக்கொள்வோம். நமக்கெல்லாம் தெரிந்த கேப்டன் டைகரையே எடுத்துக்கொள்கிறேன். ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த புளுபெரி என்ற பிரெஞ்சு கௌபாய் தொடரின் நாயகனுக்குத் தமிழில் வைத்த பெயர் அது. 1972இல் இரண்டு ஆல்பங்களாக வந்து, தமிழில் 'தங்கக் கல்லறை' ஆனது அரிசோனாச் சுரங்கத்தின் கதை. தொலைந்துபோன சுரங்கம் ஒன்று எனக்குத் தெரியும் என்று ஒரு ஜெர்மானியர் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தை போதும். டைகரின் உயிர் நண்பரான ஜிம்மி வரை எல்லாருக்கும் புத்தி பேதலிக்கிறது. கூலிக்குத் தலை வேட்டையாடுகிறவர்கள் பின்னால் வருகிறார்கள். மலைக்குள் போனால் கண்ணில் படாத ஓர் உருவம் தங்கத்தாலேயே வார்த்த குண்டுகளால் சுடுகிறது. தேடி வந்த பொருளே தேடி வந்தவனைக் கொல்கிறது என்பதை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் ஒரு தோட்டாவைக் காட்டி ஷார்லியே சொல்லிவிடுகிறார். இந்தத் தொடரின் மிகச் சிறந்த கற்பனை அதுதான் என்பேன்.

அடுத்த சுற்றில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தங்கம். ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள அதைத் தேடி டைகர் மெக்சிகோவுக்குள் போகிறார். பொன் கைக்கு வரவில்லை. அதைத் திருடினார் என்ற பழி மட்டும் வந்து, சிறைக்கும் போய், சட்டம் தேடுகிற ஆளாகிறார். அந்தக் கதைவரிசை 2015இல் தமிழில் ஒரே தொகுப்பாக வந்தபோது அதன் பெயர் 'மின்னும் மரணம்'. தங்கக் கல்லறை, மின்னும் மரணம் என்ற இரண்டு தலைப்புகளையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். இவற்றைத் தமிழில் வெளியிட்ட சிவகாசிக்காரர்கள் இந்தக் கருத்தை நமக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். பளபளப்பும் சாவும் ஒரே மூச்சில் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் சொல்லும் அப்படி இருந்தால்தான் காமிக்ஸ் வாசகர் அதை ஏற்பார்.

தங்கம் ஏன் கைசேர்வதில்லை என்பதற்குத் தொடர்கதைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. நாயகன் பணக்காரனாகிவிட்டால் அடுத்த இதழில் அவன் குதிரை ஏற வேண்டிய அவசியம் என்ன? அவன் ஏழையாகவே இருக்க வேண்டும். ஆகவே பொன் மண்ணுக்கோ தண்ணீருக்கோ அரசாங்கத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும். இதற்கு விலக்கு டின்டின். கடற்கொள்ளையன் ராக்காமின் செல்வம் மார்லின்ஸ்பைக் மாளிகையில் இருந்த பூவுலக உருண்டைக்குள்ளிருந்தே கிடைத்துவிடுகிறது. மாளிகையைத் திரும்ப வாங்கியது பேராசிரியர் கால்குலஸ் தம் நீர்மூழ்கியின் காப்புரிமையை விற்ற பணத்தில்தான் என்றாலும், அந்த ஆல்பத்துக்குப் பிறகு டின்டினின் நண்பர் கேப்டன் ஹாடாக் பழைய கப்பல்காரர் அல்ல, மாளிகைக்காரர். பொருள் கைசேர்ந்ததும் தொடரே குணம் மாறிவிட்டது. மற்றவர்கள் ஏன் அதைச் சேரவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இனி இழையில் வந்த சொற்கள்.

'தேடுபொருள்' நல்ல ஆக்கம். ஆனால் அது இதைவிட அகலமான சொல். ஹிட்ச்காக் 'மக்கஃபின்' என்று பரப்பினாரே, எல்லாரும் துரத்துகிற, ஆனால் என்னவென்று பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லாத பொருள், அதற்கு இதை வைத்துக்கொள்வோம். அங்கே பெட்டிக்குள் கடிதம் இருந்தாலும் ஒன்றுதான், வைரம் இருந்தாலும் ஒன்றுதான். தங்கம் அப்படியல்ல. தங்கமாக இருப்பதால்தான் ஜிம்மி நண்பனை மறக்கிறார். அந்த இடத்தில் ஒரு ரகசிய வரைபடத்தையோ காணாமல்போன இளவரசியையோ வைத்தால் கதை படுத்துவிடும். எனவே நாம் தேடும் சொல்லுக்குள் பொன் இருந்தாக வேண்டும்.

'கானல்பொன்' காதுக்கு அழகு, பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கானல் என்றால் இல்லாதது. 1540இல் கொரொனாடோ படையோடு சீபோலாவின் ஏழு பொன் நகரங்களைத் தேடிப் போய்க் கண்டது சூனி மக்களின் கல்லும் மண்ணுமான ஊர்களை. அது கானல்பொன்; வரலாற்றுக் கட்டுரைக்கு அந்தச் சொல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிஸ்னி காமிக்ஸ் வரைந்த கார்ல் பார்க்ஸ் 1954இல் கஞ்சப் பணக்கார வாத்தான ஸ்க்ரூஜ் மாமாவை அதே சீபோலாவுக்கு அனுப்பியபோது நகரம் நிஜமாகவே இருந்தது. செல்வம் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடந்தது. திருட்டுக் கும்பல் மரகதச் சிலையைப் பீடத்திலிருந்து எடுத்ததும் பெரும் பாறை உருண்டு ஊரே நொறுங்குகிறது. கடைசியில் யாருக்கும் எதுவும் நினைவில்லை. பொருளை மட்டுமல்ல, அதைப் பார்த்த ஞாபகத்தையும் சேர்த்துப் பறித்துவிடுகிறார் பார்க்ஸ். இருக்கிறது, தொடலாம், வைத்துக்கொள்ள முடியாது: இந்த மூன்றும் சேர்ந்ததே நம் கரு.

'சுமைபொன்' என்பதும் வந்தது. இயற்பியலுக்குப் பொருந்தும், ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், பத்து லிட்டர் வாளி கொள்ளும் அளவுக்குக் கட்டித் தங்கம் வார்த்தால் 193 கிலோ. ஆனால் காமிக்ஸ் ஓவியர்களோ பன்னிரண்டரைக் கிலோவை நெருங்கும் வங்கிக் கட்டிகளை ஒரு கையால் தூக்கி வீசவைக்கிறார்கள். அவர்கள் மதிக்காத சுமையை நாம் சொல்லில் ஏற்ற வேண்டாம்.

என் முன்மொழிவு: நச்சுபொன்.

நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் என்ற பெயரில் இருப்பது இந்த வினைதான். நச்சு, பொன் இரண்டும் சேர்ந்து வினைத்தொகையானால் நச்சுபொன். ஒற்று மிகாது, சுடுகாடு, ஊறுகாய் போல. 'காலம் கரந்த பெயரெச்சம்' என்று நன்னூல் சொல்லும் வினைத்தொகை இங்கே தற்செயலாக வந்து உட்கார்ந்த இலக்கணம் அல்ல, கதைக்கே தேவையானது. முன்னே வந்து செத்தவன் நச்சிய பொன், இன்று நாயகன் நச்சுகின்ற பொன், அடுத்த தலைமுறை நச்சப்போகும் பொன், மூன்றும் ஒரே சொல்லில் அடங்கும். இந்த வகைக் கதைகளில் குகை வாசலில் ஒரு பழைய எலும்புக்கூடு கிடப்பது வழக்கம். அந்த எலும்புக்கூட்டுக்கும் இந்தச் சொல்லில் இடம் இருக்கிறது.

ஒற்றைச் சேர்த்தால் அது நச்சுப்பொன், நஞ்சான பொன். நஞ்சு என்பதே பாம்போடு சேரும்போது நச்சுப்பாம்பு ஆகிறதல்லவா? வேரில் இரண்டும் வெவ்வேறு. ஓசையில் ஒரு மெய்யெழுத்துத்தான் இடைவெளி. இந்த நெருக்கத்தைத் திருவள்ளுவர் எடுத்தாண்டிருக்கிறார்:

நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள்
நச்சு மரம்பழுத் தற்று.

நன்றியில்செல்வம் அதிகாரத்தில் வரும் 1008ஆம் குறள். முதல் அடியின் 'நச்ச' விருப்பம். இரண்டாம் அடியின் 'நச்சு' நஞ்சு. செல்வத்தைப் பற்றிப் பேசும்போதே விருப்பத்தையும் விஷத்தையும் அருகருகே வைக்கும் வழி நம் மொழியில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

எழக்கூடிய தடைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நச்சுதல் இன்றைய வழக்கில் இல்லை என்பார்கள். உண்மை. ஆனால் கலைச்சொல்லுக்கு அது நன்மையே. வேறு பொருள் ஏறாத சொல் கிடைக்கிறது. வாசகர் அதை நஞ்சு என்றே எடுத்துக்கொண்டாலும் கதையின் போக்குக்கு விரோதமில்லை. மெய்ப்புத் திருத்துகிறவர் 'தூக்குக் கயிறு' என்பதில் மிகுகிறதே, இங்கே ஏன் மிகாது என்று கேட்கலாம். அங்கே தூக்கு பெயர்ச்சொல்லாக நிற்கிறது. இங்கே நச்சு வினை. அச்சில் வேறுபாடு தெரியாதென்று அஞ்சுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நச்சுபொன் என்பதில் பகரம் மெலிந்து ஒலிக்கும், நச்சுப்பொன்னில் அழுத்தி ஒலிக்கும். பேச்சில் குழப்பமே இல்லை.

தங்கம் ஏன் இல்லை, பொன் ஏன் என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். பொன் என்பது பழந்தமிழில் உலோகம் முழுவதற்கும் வழங்கியது. ஐம்பொன் என்று இன்றும் சொல்கிறோம். செல்வம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ராக்காமின் மணிகளையும் சீபோலாவின் மரகதச் சிலையையும் பொன் தாங்கும். தங்கம் தாங்காது.

ஸ்க்ரூஜ் மாமாவின் பணக் கிடங்கை என்ன செய்வது? அது நச்சுபொன் அல்ல, அவரிடமே இருக்கிறது. ஃபேண்டமின் மண்டையோட்டுக் குகையில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் செல்வமும் அப்படியே. இவற்றுக்கு 'வைப்புப்பொன்' என்று தனிப்பதிவு போடலாம். ஆனால் இரண்டுக்கும் இடையில் கதவு திறந்தே இருக்கிறது. 1953இல் வந்த குளொண்டைக் கதையில், பனிநாட்டில் தாம் எப்போதோ புதைத்துவைத்த தங்கக் கட்டிகளை எடுக்கப் போகிறார் ஸ்க்ரூஜ். பழைய காதலி கோல்டி வறுமையில் அங்கேயே இருக்கிறாள். இருவருக்கும் தோண்டும் போட்டி. அவள் தோண்டிய இடத்தில் கட்டிகள் கிடைத்துவிடுகின்றன. ஞாபக மாத்திரை சாப்பிட மறந்ததால் இடம் மறந்துபோனது என்று ஸ்க்ரூஜ் புலம்புகிறார். அவருடைய மருமகன் டொனால்ட் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறார்; மாத்திரை சாப்பிடப்பட்டிருக்கிறது. தெரிந்தே விட்டுக்கொடுத்திருக்கிறார் கஞ்சர். வைப்புப்பொன்னாக வேண்டியதை ஒருவர் மனமறிந்து கைநழுவவிடும் இந்த இடத்தை எந்தப் பதிவின் கீழ் சேர்ப்பது என்பது பற்றி உங்கள் கருத்து வேண்டும். எனக்கு வைப்புப்பொன்னின் கீழ், விலக்கு என்ற குறிப்போடு சேர்ப்பதே சரியென்று படுகிறது.

பதிவின் வாசகம் இப்படி இருக்கலாம்:

நச்சுபொன் (பெ.): சாகசக் கதையில் பாத்திரங்கள் பலரை ஒரே நேரத்தில் ஈர்த்து, அவர்களுக்குள் பகையும் சாவும் விளைத்து, கதை முடிவில் எவர் கையிலும் நில்லாது போகும் பொன் அல்லது அதனை ஒத்த செல்வம். வல்லொற்று மிகாது. ஒப்பிடுக: தேடுபொருள், வைப்புப்பொன்.

'எவர் கையிலும்' என்பதா, 'நாயகன் கையில்' என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. பொன் அரசாங்கக் கருவூலத்துக்குத் திரும்பும் கதைகளும் இருக்கின்றன. மாற்று வாசகம் இருப்பவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.