வாழ்தகைமை, இடுபங்கு: இந்த ரெண்டு சொல்லும் சரியா வருதா?

வணக்கம் எல்லாருக்கும்.

நகரங்கள் வாழ எவ்வளவு ஏத்ததுன்னு அளக்கற லிவபிலிட்டி இண்டெக்ஸுக்குத் தமிழ்ல வாழ்தகைமைக் குறியீட்டெண்ணுன்னு வெக்கலாங்கறது என் யோசனை. வாழ்க்கைத்தரக் குறியீட்டெண் போதும்னு சிலர் சொல்றீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வாழ்க்கைத்தரம் மனுஷனோடது, இங்க அளக்கறது ஊர. ஒரே தெருவுல ரெண்டு பேரோட வாழ்க்கைத்தரம் மலைக்கும் மடுவுக்குமா இருக்கலாம், ஊருக்கு வர்ற மதிப்பெண் ஒண்ணுதான். வாழ்தகவுன்னு வெச்சா கேக்க அழகா இருக்கு, ஆனா தகவுன்னா இயற்பியல்ல விகிதம், கணக்குல நிகழ்தகவு, அதனால படிக்கிற பிள்ளைங்க உயிர் பிழைக்கிற வாய்ப்புன்னு எடுத்துக்குவாங்க. வாழ்தகைமைல அந்தக் குழப்பம் வராது.

வெயிட்டேஜ், அதாவது மொத்த மதிப்பெண்ல ஒவ்வொரு அம்சத்துக்கும் எவ்வளவு முக்கியத்துவம்ங்கறது, அதுக்குச் சொல் வெக்கறதுதான் பெரிய சிக்கல். நிறைன்னு போட்டா தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல அது மாஸ், இலங்கையில மாஸுக்கு திணிவு, நிறைதான் வெயிட். சரி எடைன்னு போடலாம்னா, எடை பொருள்லயே இருக்கறது, தராசுல வெச்சா தெரிஞ்சிடும். இங்க அப்படி இல்லையே, யாரோ உக்காந்து முடிவு பண்றாங்க. நகரங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தற எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்ங்கற ஆய்வு நிறுவனத்தோட கணக்குல நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடு சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு வெறும் 10. குழந்தைய பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போற குடும்பம் இந்த 10ஐ ஒத்துக்குமா? ஓஇசிடிங்கற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2011ல நாடுகளுக்குன்னு ஆரம்பிச்ச பெட்டர் லைஃப் இண்டெக்ஸ்ல 11 தலைப்புக்கும் முக்கியத்துவத்த பாக்கறவங்களே கூட்டிக் குறைச்சுக்கலாம், வரிசையும் கூடவே மாறும்.

சின்னதா போட்டுப் பாருங்க, ஒரு ஊருக்கு மருத்துவம் 90 கல்வி 60, இன்னொண்ணுக்கு நேர் தலைகீழ். சரிபாதியா பிரிச்சா ரெண்டும் 75. மருத்துவத்துக்கு 60 சதவீதம் குடுத்தா 78, 72. ஊர்ல ஒரு செங்கல் கூட நகரல, வரிசை மாறிடுச்சு.

அதனால வெயிட்டேஜுக்கு இடுபங்குன்னு வெக்கலாங்கறேன். இடுபொருள், இடுகாடு மாதிரி வினைத்தொகை, ஒருத்தர் இட்டதுங்கறது சொல்லுக்குள்ளயே இருக்கு, எல்லாம் சேர்ந்து 100 ஆகணும்ங்கறதும் பங்குல வந்துடுது. வெயிட்டேஜ் எதிர்ம (மைனஸ்) மதிப்பா வர்ற மத்த கணக்குகளுக்கு இது ஒத்து வராது, அங்க எடையே இருக்கட்டும், இந்த மாதிரி இண்டெக்ஸுக்கு மட்டும்தான் கேக்கறேன்.

மருத்துவம், கல்வி மாதிரி அளக்கற ஒவ்வொரு அம்சத்தையும் குறிக்கற இண்டிகேட்டருக்கு சுட்டி வேண்டாம், அது ஏற்கனவே மவுஸுக்கும் லிங்க்குக்கும் போயாச்சு, குறிகாட்டி போதும். ஆக முழுசா எழுதினா 'இடுபங்குக் குறிகாட்டிகள் வழி வாழ்தகைமைக் குறியீட்டெண்'. கொஞ்சம் நீளம்தான், இதவிட சுருக்கமா யாருக்காவது தோணுதா?