உதவி: கோடை வந்தால் மட்டும் ஹவுஸ்போட் கழிவறையில் முட்டை நாற்றம்

களியக்காவிளைத்தம்பி:
வணக்கம். மச்சானும் நானும் கூட்டாகக் கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலில் ஒரு ஹவுஸ்போட் ஓட்டுகிறோம். இரண்டு ரூம். முன் ரூம் கழிவறையில் மோட்டார் ஃப்ளஷ், பின் ரூமில் கையால் பம்ப் அடிக்கும் டைப். இரண்டுமே காயல் தண்ணீரை இழுத்துத்தான் ஃப்ளஷ் ஆகும். கழிவு பின் தளத்துக்குக் கீழே உள்ள பயோ டேங்குக்குப் போகிறது. மழைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. மாசி பிறந்தால் அழுகிய முட்டை நாற்றம். காலையில் முதல் ஃப்ளஷுக்கு மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது. ராத்திரியில் காற்று திரும்பினால் பின் தளத்திலும் உட்கார முடியவில்லை. பையன்கள் பினாயில் ஊற்றுகிறார்கள், கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் பழையபடிதான்.

பின் ரூம் கோப்பையில் இன்னொரு தொல்லை: பம்ப் அடித்து வற்ற வைத்தாலும் கலங்கல் தண்ணீர் மெதுவாகத் திரும்பி ஏறுகிறது. டேங்கையே மாற்றலாம் என்கிறான் மச்சான். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

நீண்டகரை டீசல்:
முதலில் பினாயிலை நிறுத்து தம்பி. பயோ டேங்க் ஓடுவதே உள்ளே இருக்கும் பாக்டீரியாவால்தான். ரயில் பெட்டிக்கு அடியில் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்பத்தில் மாட்டியிருக்கிறார்களே, அதே சங்கதி. பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட், எதை ஊற்றினாலும் அது செத்துப்போகும்.

ஊர்சுற்றி:
நடுக்காயலில் ராத்திரி வால்வைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. எல்லாரும் செய்வதுதானே.

நீண்டகரை டீசல்:
இந்த யோசனையை உன்னோடு வைத்துக்கொள். அஷ்டமுடி 2002-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த காயல். அங்கே வாரும் கக்காவுக்கு (சிப்பி வகை) 2014-இல் எம்.எஸ்.சி. சான்று, அதாவது வளம் கெடாமல் மீன் பிடிப்பதற்கான உலகச் சான்று, கிடைத்தது, இந்தியாவில் அந்தச் சான்று வாங்கிய முதல் மீன்பிடி அதுதான். கக்கா தண்ணீரை வடிகட்டித் தின்னும் ஜீவன். திறந்துவிட்ட அழுக்கில் இருக்கும் கிருமி அதன் உடம்பில் சேரும், கடைசியில் விருந்தாளியின் தட்டுக்கு வரும்.

கப்பல் பிளம்பர்:
தம்பி, மழையில் இல்லை, கோடையில் உண்டு என்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. மழையில் கல்லடை ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டு தள்ளும். கோடையில் ஆறு மெலிந்ததும் காயல் கடலோடு சேரும் நீண்டகரை முகம் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் சில மில்லிகிராம்தான். காற்றில்லாத டேங்கில் ஒருவகை பாக்டீரியா அந்த சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். முட்டை நாற்றம் அதுதான். உப்புத் தண்ணீரில் ஃப்ளஷ் செய்யும்வரை புது டேங்க் வைத்தாலும் இதே கதைதான்.

காலை முதல் ஃப்ளஷ் நாற்றத்துக்கும் டேங்குக்கும் சம்பந்தமே இல்லை. காயலிலிருந்து இழுக்கும் ஹோஸில் ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகிய வாடை அது. சோதிப்பது சுலபம்: காயல் வால்வை அடைத்துவிட்டு, சில நாள் வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி ஃப்ளஷ் செய்யுங்கள். மோட்டாரை வறட்டு ஓட்டம் ஓட விடாதீர்கள்.

அடுத்து வென்ட் பைப், அதாவது டேங்க் வாயு வெளியேறும் குழாய். பின் தளத்து நாற்றத்தில் பாதி அங்கே இருக்கலாம். வாயில் கட்டிய கொசுவலை அடைத்திருக்கும், இல்லையென்றால் குளவி மண் வைத்திருக்கும். வென்ட் அடைத்தால் வாயு கோப்பை வழியாகத்தான் வெளியேறும். அந்த நிலையில் பம்ப் வைத்து டேங்கைக் காலி செய்தால் டேங்க் உள்வாங்கி நசுங்கவும் கூடும். டேங்குக்குப் போகும் கழிவு ஹோஸையும் பாருங்கள்: வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் இருந்தால் ஹோஸ் ரப்பர் வழியாகவே வாடை கசிகிறது, மாற்ற வேண்டியதுதான்.

கோப்பையில் திரும்பும் தண்ணீருக்குக் காரணம் பம்ப் வெளிவாயில் உள்ள ரப்பர் வால்வு. வாத்து அலகு மாதிரி இருக்கும், ஒருபக்கம்தான் திறக்க வேண்டும். உப்புத் தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்து வெள்ளைக் கல்லாகப் படிந்தால் அது முழுசாக மூடாது. கழற்றிப் பாருங்கள், உதடு விறைத்திருந்தால் புதுசு போடுங்கள். விலை அதிகமில்லை. குழாயில் படிந்த கல்லுக்கு ராத்திரி வினிகர் ஊற்றி, மெதுவாகப் பம்ப் அடித்து ஊற விடலாம். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

டேங்க் மூடியைத் திறந்து யாரும் தலையை உள்ளே விட வேண்டாம். டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றமில்லை என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க வந்த 2013 சட்டமும் தடை செய்கிறது.

களியக்காவிளைத்தம்பி:
அண்ணாச்சி, வென்ட் வாயில் குளவிக் கூடேதான்! கம்பியால் குத்தியதும் மண் கட்டியாக விழுந்தது. ராத்திரி பின் தளத்தில் இப்போது உட்கார முடிகிறது. ரப்பர் உதட்டில் நகத்தால் சுரண்டினால் உதிரும் அளவுக்கு வெள்ளைக்கல். கொல்லத்தில் புதுசு சொல்லியிருக்கிறேன். வாளித் தண்ணீர் ஊற்றிய நாட்களில் காலை நாற்றம் இல்லை. அப்போ மேல் தளத்துக் குடிநீர் டேங்கிலிருந்தே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு ஃப்ளஷுக்கு லைன் கொடுத்துவிடலாமா? மச்சான் பைப் வாங்கவே கிளம்பிவிட்டான்.

கப்பல் பிளம்பர்:
நிறுத்துங்கள் அவரை. குடிநீர் லைனில் நேராக டீ போடக் கூடாது. அழுத்தம் குறைந்தால் கழிவறைத் தண்ணீர் குடிநீருக்குள் ஏறிவிடும். ஃப்ளஷுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வையுங்கள், மிதவை வால்வோடு. குடிநீர்க் குழாயின் வாய் அந்தத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். தொட்டியைத் தளத்தின் நடுவாக்கில் வையுங்கள். ஒரு ஓரத்தில் வைத்தால் வள்ளம் சாயும். மழை பிடித்ததும் வேண்டுமானால் காயல் தண்ணீருக்கே மாறிக்கொள்ளலாம்.