புதுப்பிப்பு: ஜாஸ் பேஸ் பிக்கப் மாற்றியாயிற்று

என் ஜாஸ் பேஸ் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) வால்யூமைக் குறைத்தவுடன் இரைச்சல் வருகிறது, எந்த பிக்கப் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் ஜோடியில் இரண்டின் வால்யூமும் சம அளவில் திறந்திருந்தால்தான் ஹம் (மின் இரைச்சல்) அடங்கும். அதனால் ஒவ்வொன்றுக்குள்ளேயே ஹம்மை ரத்து செய்யும் டிமார்சியோ மாடல் ஜே பொருத்தியாயிற்று. இரைச்சல் போய்விட்டது.

வாங்குமுன் நீளத்தை அளந்துவிடுங்கள். வழக்கமாக நெக் (கழுத்துப் பக்க) பிக்கப் சுமார் 92 மி.மீ., பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாகத்தின் பக்க) பிக்கப் சுமார் 95 மி.மீ. சில மலிவு பேஸ்களில் இரண்டும் ஒரே நீளம்; அதில் வழக்கமான ஜோடி உட்காராது. 250 கிலோ ஓம் பாட்கள் (வால்யூம், டோன் குமிழ்களின் மாறு மின்தடைகள்) அப்படியே இருக்கட்டும். ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் இயங்குவது) என்றால் 25 கிலோ ஓம் வேண்டும்.

இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடித்தொனி காணாமல் போய் ஒலி மெலிகிறதா? இரண்டு பிக்கப்களின் ஃபேஸ் (அலையின் திசை) எதிர்மாறு. ஒரு பிக்கப்பின் ஹாட் (சமிக்ஞை), கிரவுண்ட் (தரை) வயர்களை மட்டும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். ஷீல்டு வயர் தனியாக இருந்தால் அது கிரவுண்டிலேயே நிற்கட்டும். பிரிட்ஜின் கிரவுண்ட் வயரை அறுத்துவிடாதீர்கள்.

தொனியை அதிகம் மாற்றியது பிக்கப்பின் உயரம்தான்! கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் உலோகப் பட்டை) கம்பியை அழுத்திக்கொண்டு, பிக்கப்பிலிருந்து ஈ கம்பிக்கு 2.8 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும்.