குதிரைக்கு நொண்டல் நின்றுவிட்டது, வீக்கம் மட்டும் இருக்கிறது: மறுபடி ஸ்கேன் வேண்டுமா?

பொள்ளாச்சி லாயம்:
வணக்கம். எங்களிடம் 9 வயதுக் குதிரை ஒன்று இருக்கிறது, முன்பு பந்தயத்தில் ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் மழை ஈரத்தில் ஓடிவிட்டு வந்தது. மறுநாள் இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. இரண்டாம் நாளே டாக்டர் ஸ்கேன் எடுத்தார். லேசான காயம்தான், ஓய்வு கொடுங்கள் என்றார். பத்து நாளில் நொண்டல் போய்விட்டது, சூடும் இல்லை. ஆனால் பின்பக்கம் வில் மாதிரி வளைந்து தெரிகிறது. அடுத்த வாரம் மெதுவாக ஓட்டலாமா? ஸ்கேனுக்கு மறுபடி வண்டி பிடித்துப் போகவேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

கால்நடை மருத்துவர்:
தயவுசெய்து ஓட்டாதீர்கள். அந்த வில் வளைவுதான் கவலை தருகிறது. ஊரில் நரம்பு என்பார்கள், உண்மையில் அது காலை மடக்கும் மேல்நாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி. முழு வேகத்தில் ஓடும்போது 16 சதவீதம் வரை நீளும். கிட்டத்தட்ட அறுந்துபோகும் எல்லை அது. வலியும் நொண்டலும் சில வாரத்தில் போய்விடும், நாண் ஆற மாதக்கணக்காகும். இந்த இடைவெளியில் ஓட்டித்தான் பல குதிரைகள் மறுபடி அடிபடுகின்றன.

உங்கள் டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. இரண்டாம் நாளில் காயம் முழுதாகத் தெரியாது. கிழிந்த இழைகள் சிதைந்து, ஒன்றிரண்டு வாரத்தில் புண் பெரிதாகும். அதனால் ஒரு வாரம் போல விட்டு மறுபடி எடுப்பது வழக்கம். இப்போது கட்டாயம் எடுங்கள்.

பழைய லாயக்காரன்:
தம்பி, எங்கள் காலத்தில் இதற்குச் சூடு வைப்போம். நாண் இறுகும் என்று நம்பினோம். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சூடு தோலைத்தான் பொசுக்கும், உள்ளே இருக்கும் நாண் அதனால் பலப்படாது. தோல் தடித்துவிட்டால் ஸ்கேன் படமும் கெடும். அந்தக் காலத்தில் சூடு வைத்த பிறகு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தீர்கள் அல்லவா? குணமானதற்கு அந்த ஓய்வுதான் காரணம்.

பொள்ளாச்சி லாயம்:
சரி டாக்டர், கூட்டிப்போகிறேன். அங்கே என்ன கேட்டு வாங்கவேண்டும்?

கால்நடை மருத்துவர்:
முடியை மழித்து, கழுவி, ஜெல் தடவச் சொல்லுங்கள். முடியோடு எடுத்தால் காற்று புகுந்து படம் மங்கும். அந்தக் காலில் எடையை ஊன்றி நிற்கவேண்டும். குறுக்குவாட்டில் ஒன்று, நெடுக்குவாட்டில் ஒன்று என இரண்டு விதமாகவும் எடுக்கவேண்டும். புரோப், அதாவது காலில் வைத்துப் படம் எடுக்கும் கருவி, நேராக இல்லாமல் சாய்ந்தால் நல்ல நாண்கூடக் கறுப்பாகத் தெரியும், அதைக் காயம் என்று எண்ணிவிடக் கூடாது. வலது காலையும் எடுத்து ஒப்பிடவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முட்டிக்குப் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே காயம் இருக்கிறது, அங்கே நாணின் குறுக்குப் பரப்பு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அடுத்த முறை அதே இடத்தில் அளந்தால்தான் ஆறுகிறதா என்று தெரியும்.

பொள்ளாச்சி லாயம்:
எடுத்தாயிற்று. 14 சென்டிமீட்டரில், நாணின் நடுவே கறுப்பு ஓட்டை மாதிரி தெரிகிறது. பரப்பு இடது காலில் 165 சதுர மில்லிமீட்டர், வலது காலில் 104. படத்தைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இதோடா ஓட்டப் பார்த்தேன்!

கால்நடை மருத்துவர்:
நல்லவேளை, கேட்டீர்கள். இப்போதைக்கு லாயத்தில் ஓய்வு, கையில் பிடித்து நடை. நடக்கும் நேரத்தை உங்கள் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வட்டமாகச் சுற்றவிட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வேலையைக் கூட்டும் ஒவ்வொரு முறைக்கு முன்பும் ஸ்கேன் எடுங்கள். கறுப்பு சாம்பலாக மாறுவது மட்டும் போதாது. நெடுக்குப் படத்தில் இழைகள் வரிசையாகப் படிந்திருக்கவேண்டும். முழு வேலைக்கு 9 முதல் 12 மாதம் ஆகலாம்.

பொள்ளாச்சி லாயம் (ஆறு மாதம் கழித்து):
இரண்டு ஸ்கேன் முடிந்தது. மூன்றாம் மாதம் பரப்பு 138. அப்புறம் தினமும் ஐந்து நிமிடம் துள்ளுநடை (நடையைவிடக் கொஞ்சம் வேகமான மெல்லோட்டம்) ஆரம்பித்தோம். நேற்று எடுத்தபோது அதே 14 சென்டிமீட்டரில் 156. குதிரை துளியும் நொண்டவில்லை. என்ன செய்ய?

கால்நடை மருத்துவர்:
138-இலிருந்து 156 என்றால் 13 சதவீதம் கூடியிருக்கிறது. பத்தைத் தாண்டினாலே நாண் தாங்கவில்லை என்று எடுத்துக்கொள்வோம். துள்ளுநடையை இன்றே நிறுத்துங்கள், பழையபடி நடை மட்டும். இந்த அளவை உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு, ஆறு வாரத்தில் அதே இடத்தில் அளந்து எழுதுங்கள்.

பொள்ளாச்சி லாயம்:
நிறுத்திவிட்டேன் டாக்டர். 14 சென்டிமீட்டர் என்று லாயத்துச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து வருகிறேன்.